காலி அலைவரிசையா, காதில் விழாத அலைவரிசையா? – வாசகர் கேள்வி பதில்

உரிமம் பெற்றவர் பயன்படுத்தாமல் விட்டிருக்கும் அலைக்கற்றையில், அவருக்குத் தொந்தரவு வராமல் இன்னொரு ரேடியோ புகுந்து வேலையை முடித்துக்கொண்டு வெளியேறுவது ('காக்னிட்டிவ் ரேடியோ') பற்றிப் போன இதழில் எழுதியிருந்தோம். பழைய வட ஆற்காட்டு ஊர்களிலிருந்து நிறையக் கேள்விகள் வந்தன. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: ஊரிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி மலையடிவாரத்தில் எங்கள் மாந்தோப்பு. கேபிள் கிடையாது, செல்போன் சிக்னல் ஒரு கோடு வந்தால் பெரிது. டிவி விட்டுப்போன அலைவரிசையில் இண்டர்நெட் கொண்டுபோகலாம் என்கிறார்களே, நான் செய்யலாமா? – வாசகர், பேரணாம்பட்டு

பதில்: இன்றைய நிலையில் நீங்களாகச் செய்ய முடியாது. அது காலியாகக் கிடப்பது உண்மைதான். 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரை, ஒவ்வொன்றும் 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 15 சேனல்கள். நம் நாட்டில் தரைவழி டிவி ஒளிபரப்பு தூர்தர்ஷன் கையில் மட்டுமே இருந்தது. ஒரு கோபுரத்துக்கு ஒன்றிரண்டு சேனல் போதும். மும்பை ஐஐடி குழு கணக்கிட்டுப் பார்த்ததில் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் 15-ல் 12 சேனலாவது காலி என்று தெரிந்தது. மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டக் கிராமங்களில் சோதனையும் நடத்தினார்கள். அதன் பிறகு அனலாக் கோபுரங்களையும் பெரும்பாலும் மூடிவிட்டார்கள். ஆனால் காலி மனை என்பதால் கொட்டகை போட்டுவிட முடியுமா? இந்த அலைவரிசை உரிமம் தேவையற்ற பட்டியலில் இல்லை. சோதனைக்கென்று மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவில் தனி உரிமம் வாங்க வேண்டும். கல்லூரிக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் அது பொருந்தும், தோப்புக்குப் பொருந்தாது.

சரி, சட்டம் விட்டால்கூட உங்களுக்கு அது தேவையா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து கிலோமீட்டர் வெட்டவெளியில் 500 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு இழப்பு சுமார் 106 டெசிபெல் (பலத்தை ஒப்பிடும் அளவு; 10 டெசிபெல் என்றால் பத்து மடங்கு). 5,800 மெகாஹெர்ட்ஸுக்கு 128. இந்த 22 டெசிபெல்லை மட்டும் பார்த்துத்தான் பலரும் டிவி அலைவரிசையைப் புகழ்கிறார்கள். ஆண்டெனாவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 60 சென்டிமீட்டர் டிஷ் 5,800-ல் 29 டெசிபெல் பெருக்கம் தரும். 500 மெகாஹெர்ட்ஸில் அந்த டிஷ் வெறும் தட்டு. நல்ல யாகி (பழைய டிவி ஆண்டெனா போலக் குறுக்குக் கம்பிகள் கொண்டது) போட்டால் 11 வரும். இரண்டு அலைவரிசையிலும் ஆண்டெனா வழியாக வெளிவரும் பலம் 4 வாட் என்று வைத்துக்கொண்டால், தோப்பில் வந்து சேர்வது 500-ல் மைனஸ் 59 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டைச் சுழியமாக வைத்த டெசிபெல் அளவு), 5,800-ல் மைனஸ் 63. வித்தியாசம் அவ்வளவுதான். அந்த 4 டெசிபெல்லுக்காக 5,800-ல் கிடைக்கும் 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை விட்டு 8 மெகாஹெர்ட்ஸுக்குள் ஒடுங்குவானேன்?

நேர்ப்பார்வை இருந்தால் உரிமம் தேவைப்படாத 5,725–5,875 மெகாஹெர்ட்ஸில் இரண்டு டிஷ் வையுங்கள், போதும். நேர்ப்பார்வை என்றால் கண்ணுக்கு எதிர்முனை தெரிவது மட்டுமல்ல. பத்து கிலோமீட்டர் இணைப்பின் நடுப்பகுதியில், நேர்கோட்டிலிருந்து ஏறக்குறைய 7 மீட்டர் வரை கீழே மரம் எதுவும் எட்டிப் பார்க்கக் கூடாது. (500 மெகாஹெர்ட்ஸில் இதே இடைவெளி 23 மீட்டர் வேண்டும், இதையும் யாரும் சொல்வதில்லை.) வழியில் தென்னந்தோப்பு குறுக்கிட்டால் காற்றடிக்கும்போதெல்லாம் இணைப்பு ஏறி இறங்கும். மலை முகடோ அடர்ந்த மரமோ குறுக்கே வரும் இடத்தில்தான் டிவி அலைவரிசை உண்மையிலேயே ஜெயிக்கும். அப்படிப்பட்ட இடம் என்றால், நடுவில் ஒரு மேட்டில் சோலார் வைத்து இணைப்பை இரண்டு துண்டாக உடைப்பது இப்போதைக்கு வழி.

கேள்வி: 'காக்னிட்டிவ் ரேடியோ' என்ற பெயரை வைத்தது யார்? – வாசகர், சோளிங்கர்

பதில்: ஜோசப் மிட்டோலா. 1999-ல் சக ஆய்வாளர் மகுவயருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இந்தப் பெயர் வருகிறது. 2000-ல் ஸ்டாக்ஹோம் கேடிஹெச் பல்கலைக்கழகத்தில் முனைவர் ஆய்வேடாக விரிந்தது. சுற்றுப்புறத்தைக் கவனித்து, தானே முடிவெடுத்து, அதிர்வெண்ணையும் பலத்தையும் மாற்றிக்கொள்ளும் ரேடியோ என்று பொருள்.

கேள்வி: இறுதியாண்டுப் புராஜெக்டுக்காக ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (யூஎஸ்பியில் செருகும் மலிவு ரேடியோ ரிசீவர்) வைத்து 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரை ஸ்கேன் செய்கிறோம். வரும் ஆற்றலை அளந்து, ஒரு வரம்புக்கு மேலே இருந்தால் 'ஆள் இருக்கிறது' என்று எடுத்துக்கொள்கிறோம். விடுதி மாடியில் வைத்தால் எல்லாச் சேனலிலும் ஆள் இருக்கிறது என்கிறது. வரம்பைக் கொஞ்சம் உயர்த்தினால் ஒன்றிலும் இல்லை என்கிறது. நிரலில் தவறா? – மாணவிகள் மூவர், காட்பாடி

பதில்: நிரலைத் தொடாதீர்கள். முதலில் ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 50 ஓம் டெர்மினேட்டரை (வெளி அலை நுழையாமல் வாசலை மூடும் மூடி) திருகி ஒரு முழு ஸ்கேன் எடுங்கள். இப்போதும் 489.6, 518.4, 547.2, 576 மெகாஹெர்ட்ஸில் ஊசிபோலக் குத்திட்டு நிற்கும். அது யாருடைய ஒளிபரப்பும் இல்லை. டாங்கிளுக்குள் இருக்கும் 28.8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் 17, 18, 19, 20-ஆம் மடங்குகள். இந்த இடங்களைப் பட்டியல் போட்டுக் கணக்கிலிருந்து நீக்குங்கள்.

அடுத்தது ஏஜிசி, பெருக்கத்தைத் தானே ஏற்றி இறக்கும் வசதி. அது ஓடிக்கொண்டிருந்தால் பக்கத்தில் யாராவது வாக்கி-டாக்கியை அழுத்தினாலும் பெருக்கம் இறங்கி, உங்கள் வரம்பு அர்த்தமற்றுப் போகும். அதை அணைத்துவிட்டுக் கையால் 25–30 டெசிபெல்லில் நிறுத்துங்கள். மாதிரி வேகம் வினாடிக்கு 24 லட்சத்தைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் யூஎஸ்பியில் மாதிரிகள் விழுந்துபோகும், டாங்கிள் அதைச் சொல்லாது. ஒவ்வொரு 2.4 மெகாஹெர்ட்ஸ் துண்டிலும் இரு ஓரத்திலும் பத்து சதவீதத்தை வெட்டித் தள்ளுங்கள், அங்கே வடிகட்டி சரிகிறது. நட்ட நடுவில் நிற்கும் நேர்மின்னோட்ட முள்ளையும் விட்டுவிடுங்கள்.

மாடியில் மட்டும் எல்லாம் உயர்கிறது என்றால் எஃப்எம் ஒளிபரப்புதான் முதல் சந்தேகம். டாங்கிளின் முன்வாசலில் பலமான 88–108 மெகாஹெர்ட்ஸ் நுழைந்து திக்குமுக்காடச் செய்தால், இல்லாத சிக்னல் டிவி அலைவரிசையில் முளைக்கும். சோதிக்க எளிய வழி உண்டு. சிக்னலைக் குறைக்கும் 10 டெசிபெல் அட்டென்யுவேட்டரை ஆண்டெனாவுக்குப் பின் போடுங்கள். உண்மையான சிக்னல் 10 இறங்கும். உள்ளே முளைத்த போலி 20, 30 என்று சரியும். போலிதான் என்று தெரிந்தால் எஃப்எம் தடுப்பு வடிகட்டி ஒன்று வாங்குங்கள். டாங்கிளை மடிக்கணினியிலேயே செருகாமல் 3 மீட்டர் யூஎஸ்பி கேபிளில் தள்ளி வைத்து, கேபிளின் இரு முனையிலும் இரைச்சலை அடக்கும் ஃபெர்ரைட் வளையம் மாட்டுங்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஆண்டெனாவுக்கு விலை கொடுக்க வேண்டாம்: ஒரு கை 13.4 சென்டிமீட்டர் வீதம் இரண்டு கம்பி, 530 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை டைபோல்.

இத்தனைக்குப் பிறகும் நீங்கள் சொன்ன அந்தக் குணம் முழுசாகப் போகாது: வரம்பைக் கொஞ்சம் இறக்கினால் எல்லாம் உண்டு, ஏற்றினால் ஒன்றும் இல்லை. ஆற்றலை அளக்கும் முறையின் பிறவிக்குணம் அது. பாடப்புத்தகக் கணக்குப்படி 10,000 மாதிரி எடுத்து, பொய் எச்சரிக்கை (ஆள் இல்லாதபோதும் இருக்கிறது என்பது) பத்து சதவீதம் வரை பரவாயில்லை என்றால், வரம்பை இரைச்சலுக்கு மேல் வெறும் 1.3 சதவீதத்தில் வைக்கலாம், டெசிபெல்லில் 0.06-கூட இல்லை. வேலூர் வெயிலில் மாடியில் கிடக்கும் டாங்கிளின் பெருக்கம் காலைக்கும் மதியத்துக்கும் இதைப்போலப் பல மடங்கு நகர்ந்துவிடும். அப்புறம் 0.06 என்ன செய்யும்?

மாதிரியை இன்னும் கூட்டினால் சரியாகாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆகாது. இரைச்சல் அளவு உங்களுக்கு ஒரு டெசிபெல் முன்பின்னாகத்தான் தெரியும் என்றால், இரைச்சலைவிட 3.3 டெசிபெல் கீழே இருக்கும் சிக்னலை எத்தனை நாள் கேட்டாலும் ஆற்றல் அளவியால் பிடிக்க முடியாது. இதற்கு 'எஸ்என்ஆர் (சிக்னல்-இரைச்சல் விகித) சுவர்' என்று பெயர். டிவி காலி அலைவரிசை ரேடியோவுக்கான ஐஇஇஇ 802.22 தரத்தில், 2011-ல் வந்தது, டிஜிட்டல் டிவியை மைனஸ் 116 டிபிஎம்மில் பிடிக்கச் சொல்கிறார்கள். 6 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இயற்கை வெப்ப இரைச்சலே மைனஸ் 106. ஆக இரைச்சலுக்கு 10 டெசிபெல் கீழே தேட வேண்டும். சுவர் 3.3-லேயே நிற்கிறது.

அவ்வளவு கீழே ஏன் தேட வேண்டும் என்பதற்கு உங்கள் ஊரே பதில். சத்துவாச்சாரியில் மலையை ஒட்டிய தெருவில் தரையில் நின்று கேட்கும் ரேடியோவுக்கு ஒளிபரப்பு எட்டாது. சேனல் காலி என்று நினைத்து அலையை விடும். நாலு வீடு தள்ளி மொட்டைமாடியில் உயரக் கம்பத்தில் ஆண்டெனா வைத்தவருக்கு அதே ஒளிபரப்பு வந்துகொண்டிருக்கும், அது கெடும். மறைந்திருக்கும் அந்த ஆளுக்காகத்தான் இந்த 10 டெசிபெல், 20 டெசிபெல் கூடுதல் காது.

ஆகவே ஆற்றலை விட்டுவிட்டுச் சிக்னலின் சாயலைத் தேடுங்கள். டிஜிட்டல் டிவி ஓஎஃப்டிஎம்மில் போகிறது, அதாவது தரவைப் பல மெல்லிய துணைச்சுமப்பி அலைகளில் பிரித்து, 'குறி' என்ற சிறு சிறு துண்டுகளாக அனுப்பும் முறை; ஒவ்வொரு குறியின் வால் பகுதியும் அதன் தலையில் நகலாக ஒட்டப்பட்டிருக்கும். தூர்தர்ஷனின் டிவிபி-டி2 முறையில், 8 மெகாஹெர்ட்ஸ் சேனலில், 32கே வகைக்கு அந்த நகலுக்கும் மூலத்துக்கும் இடைவெளி 3,584 மைக்ரோவினாடி. 16கே வகைக்கு 1,792. மாதிரி வேகத்தை 24 லட்சத்துக்குப் பதில் 22.5 லட்சம் என்று வைத்தால் இடைவெளி மிச்சமில்லாமல் 8,064 மாதிரி, 4,032 மாதிரி என்று முழு எண்ணாக வரும். ஒவ்வொரு மாதிரியையும் 8,064 தள்ளி இருக்கும் மாதிரியின் இணை எண்ணோடு பெருக்கிக் கூட்டிக்கொண்டே போங்கள். மொத்த ஆற்றலால் வகுத்து, அளவை மட்டும் எடுங்கள். கோணத்தைப் பார்க்க வேண்டாம், கிரிஸ்டல் பிழை கோணத்தில்தான் போய் உட்காரும். பக்கத்து இடைவெளிகளான 8,050, 8,080-க்கும் இதையே கணக்கிட்டு ஒப்பிடுங்கள். 8,064-ல் மட்டும் தலைதூக்கினால் அங்கே டிவி இருக்கிறது. டாங்கிள் 8 மெகாஹெர்ட்ஸில் கால் பங்கைத்தான் பார்க்கிறது என்றாலும் இந்தச் சாயல் அதிலும் தெரியும். வகுத்துவிடுவதால் பெருக்கம் நகர்ந்தாலும் விடை நகராது. உங்கள் அறிக்கையில் இரண்டு முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, டெர்மினேட்டர் ஸ்கேனையும் சேர்த்துக் காட்டுங்கள். தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: காது கொடுத்துக் கேட்பதைவிட, எந்தக் கோபுரம் எங்கே என்ற ஏட்டைப் புரட்டிப் பார்ப்பது மேல் இல்லையா? கோபுரங்கள் நகர்வதில்லையே. – வாசகர், வாலாஜாப்பேட்டை

பதில்: சரியாகப் பிடித்தீர்கள். அமெரிக்காவில் 2008-ல் டிவி காலி அலைவரிசைக்கு விதி வந்தபோது கேட்டும் பார்க்க வேண்டும், மைனஸ் 114 டிபிஎம் வரை, ஏட்டையும் பார்க்க வேண்டும் என்றார்கள். 2010-ல் கேட்கும் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். கருவி தன் இருப்பிடத்தைச் சொல்லும். தரவுதளம் எந்தச் சேனல், எவ்வளவு பலம் என்று பதில் தரும். நாளுக்கு ஒருமுறையாவது மறுபடி கேட்க வேண்டும் என்பது அப்போதைய விதி. 2015-ல் பிரிட்டனும் தரவுதள வழியையே எடுத்தது. இதில் ஒரு வேடிக்கை: இண்டர்நெட் இல்லாத ஊருக்கு இண்டர்நெட் கொடுக்க வந்த கருவி, அனுமதி கேட்க முதலில் இண்டர்நெட்டைத் தேட வேண்டும். அதனால் கிராமத்துக் கருவி நேரடியாகக் கேட்காமல், அடிநிலையம் அதன் சார்பில் கேட்டுச் சொல்லும். நகரும் ஆட்கள் இருக்கும் இடத்தில் ஏடு மட்டும் உதவாது. அமெரிக்காவின் 3,550–3,700 மெகாஹெர்ட்ஸ் பகிர்வில் கடற்படை ரேடார்தான் முதல் உரிமைக்காரர். கப்பல் எப்போது வரும் என்று ஏட்டில் எழுத முடியாது என்பதால் கரையோரம் உணரிகளை நட்டு வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: பாலாற்றங்கரைத் தோப்புகளில் 40 கிணறுகளில் லோரா (குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் எட்டும் ரேடியோ) கருவி வைத்திருக்கிறோம். நீர்மட்டம், மோட்டார் நிலை என்று 20 பைட், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. எட்ட வேண்டும் என்பதற்காக எல்லாம் எஸ்எஃப் 12 (இந்த எண் கூடினால் தூரம் எட்டும், அனுப்பும் நேரமும் நீளும்), எல்லாம் 865.0625 மெகாஹெர்ட்ஸ். சாதாரண நாளில் ஆறில் ஒன்று வந்து சேர்வதில்லை. கரண்ட் போய் வந்தால் அரை நாளைக்கு நாலைந்து கிணறு தவிர எதுவும் வராது. கருவி மட்டமா? – வாசகர், வாணியம்பாடி

பதில்: கருவி பாவம். ஆறில் ஒன்று என்று எண்ணிச் சொன்னதற்கு நன்றி, கணக்கோடு அப்படியே பொருந்துகிறது.

எஸ்எஃப் 12, 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 20 பைட் அனுப்ப 1.32 வினாடி ஆகிறது. நாற்பது பேர் சேர்ந்தால் 53 வினாடி. 600 வினாடியில் அது 8.8 சதவீதம். கேட்காமல் நினைத்தபோது பேசும் முறையில் ஒருவர் பேச்சு கெடாமல் இருக்க, அவர் தொடங்குவதற்கு 1.32 வினாடி முன்னாலும் பின்னாலும் வேறு யாரும் தொடங்கக் கூடாது. அதற்கான வாய்ப்பு 84 சதவீதம். மீதி 16 சதவீதம் மோதல். உங்கள் ஆறில் ஒன்று அதுதான்.

எஸ்எஃப் 9-க்கு இறங்குங்கள். அதே 20 பைட்டுக்கு 0.19 வினாடி, மோதல் இரண்டரை சதவீதத்துக்கு வந்துவிடும். நமக்கு வழக்கமான மூன்று சேனல்களிலும், அதாவது 865.0625, 865.4025, 865.985, மாறி மாறிப் பேசவிட்டால் ஒரு சதவீதத்துக்கும் கீழே. இதற்கு ஒரே சேனல் கேட்கும் மலிவு கேட்வே (எல்லாக் கருவியின் பேச்சையும் கேட்டு வாங்கும் நிலையம்) உதவாது. எட்டு சேனல் கேட்வே வேண்டும். எட்டாதே என்று பயப்படுகிறீர்கள். எஸ்எஃப் 12-லிருந்து 9-க்கு வந்தால் இழப்பது 7.5 டெசிபெல். கேட்வே ஆண்டெனாவை 3 மீட்டரிலிருந்து 6 மீட்டருக்கு ஏற்றினாலே சமதரையில் 6 திரும்பக் கிடைக்கும். பத்து மீட்டர் மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் போட்டிருந்தால் அதிலேயே 5 டெசிபெல் போய்க்கொண்டிருக்கிறது. கேட்வேயைக் கம்பத்தின் மேலேயே பெட்டியில் வைத்து, கீழிருந்து ஈதர்நெட் கேபிளை ஏற்றுங்கள்.

இனி கரண்ட் விவகாரம். மின்சாரம் வந்த நொடியில் 40 கருவியும் ஒன்றாக விழிக்கின்றன, ஒன்றாகப் பேசுகின்றன, ஒன்றாகப் பத்து நிமிடம் எண்ணுகின்றன, மறுபடி ஒன்றாகப் பேசுகின்றன. கிரிஸ்டல்களுக்குள் வித்தியாசம் 40 பிபிஎம் (பத்து லட்சத்தில் 40 பங்கு) என்று தாராளமாக வைத்தாலும் பத்து நிமிடத்துக்கு 24 மில்லிவினாடிதான் விலகும். 1.32 வினாடி விலக 55 சுற்று, ஒன்பது மணி நேரத்துக்கு மேல். கேட்வேக்குப் பக்கத்தில் இருக்கும் நாலைந்து கிணறு மட்டும், மற்றவற்றைவிடப் பலமாக இருப்பதால், மோதலிலும் பிழைத்து வருகின்றன. தொடங்கியதும் 0 முதல் 600 வினாடிக்குள் ஏதோ ஒரு நேரம் காத்திருக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் இடைவெளியை முன்பின் 30 வினாடி ஆட்டிவிடுங்கள். இதைச் செய்தும் பலிக்கவில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். காரணம், எல்லாக் கருவியிலும் ஒரே நிரல், தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணும் ஒன்றே. 'ஏதோ ஒரு நேரம்' நாற்பதிலும் ஒரே நேரமாக அமைந்துவிடுகிறது. சிப்பின் தனி எண்ணை விதையாகக் கொடுங்கள், அல்லது லோரா சிப் அளக்கும் இரைச்சல் மதிப்பின் கடைசி பிட்டுகளைச் சேர்த்துக் கொடுங்கள்.

பேசும் முன் கேட்கும் வசதி அந்தச் சிப்பிலேயே உண்டு. சிஏடி என்று பெயர். இரண்டு குறி நேரத்தில், எஸ்எஃப் 9-ல் 8 மில்லிவினாடி, வேறொரு லோரா பேசுகிறதா என்று பார்த்துவிடும். இரைச்சலுக்குக் கீழே இருந்தாலும் பிடிக்கும். போட்டு வையுங்கள், ஆனால் நம்பி உட்காராதீர்கள். ஆற்றின் இந்தக் கரைக் கிணறும் நாலு கிலோமீட்டர் தள்ளி அந்தக் கரைக் கிணறும் ஒன்றையொன்று கேட்காது, நடுவில் கேட்வேக்கு இரண்டும் கேட்கும். தவிர சிஏடி லோராவை மட்டுமே அறியும், அதுவும் அதே எஸ்எஃப்பில். உங்கள் பக்கம் பெங்களூரு நெடுஞ்சாலை போகிறது. சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக்கைப் படிக்கும் கருவியும் இதே 865 மெகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில்தான் பேசுகிறது, சட்டப்படியே 4 வாட் வரை. அதற்கும் அங்கே உங்களைப் போலவே உரிமை. சாவடிக்கு அருகில் கேட்வே இருந்தால் வடிகட்டி வாங்கிப் பயனில்லை, இரண்டும் ஒரே அலைவரிசை. கேட்வேயைத்தான் நகர்த்த வேண்டும், இடையில் கட்டடமோ மேடோ இருக்கும்படி.

கேள்வி: வீட்டு வைஃபை 5 கிகாஹெர்ட்ஸ் திடீரென்று ஒரு நிமிடம் காணாமல் போய் வேறு சேனலில் வருகிறது. – வாசகி, அரக்கோணம்

பதில்: ரேடார் துடிப்பு போல ஏதோ ஒன்றைக் கேட்டு ரௌட்டர் ஒதுங்குகிறது. டிஎஃப்எஸ் என்பார்கள், பகிர்வு ரேடியோவின் மிகப் பழகிய வடிவம் உங்கள் கூடத்திலேயே இருக்கிறது. கேட்டால் 10 வினாடிக்குள் விலக வேண்டும், 30 நிமிடம் அந்தப் பக்கம் தலைவைக்கக் கூடாது, புதுச் சேனலில் 60 வினாடி மௌனமாகக் கேட்ட பிறகே பேச வேண்டும். காணாமல் போகும் ஒரு நிமிடம் அதுதான். உண்மையிலேயே ரேடாரா என்று எங்களைக் கேட்காதீர்கள். ரௌட்டருக்கே அது தெரியாது, பக்கத்து வீட்டு வைஃபையின் துண்டுத் துடிப்பும் அதற்கு ரேடார் போலத் தோன்றலாம். சேனலை 36–48 அல்லது 149–161-ல் நிலையாக வைத்துவிட்டால் தொல்லை விடும். நாட்டுக் குறியீட்டை இந்தியாவிலிருந்து மாற்றாதீர்கள்.

கேள்வி: ஆய்வுக்கூடத்தில் ஓஎஃப்டிஎம் அனுப்பி ஒன்றில், நடுவில் 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு வேறொருவர் இருப்பதாக வைத்து, அங்கே வரும் 14 துணைச்சுமப்பிகளை அணைத்துவிட்டோம். சிமுலேஷனில் பள்ளம் ஆழமாகத் தெரிகிறது. வன்பொருளில் நிரம்பிவிடுகிறது. ஓரத்தில் இன்னும் நான்கு நான்கை அணைத்தும் பலனில்லை. – ஆராய்ச்சி மாணவர், வேலூர்

பதில்: சிமுலேஷனில் ஒவ்வொரு துணைச்சுமப்பியின் நட்ட நடுப் புள்ளியில் மட்டும் பார்த்திருப்பீர்கள், அங்கே மற்றவற்றின் கசிவு சுழியம், பள்ளம் அழகாகத் தெரியும். எட்டு மடங்கு நெருக்கமாகப் புள்ளி எடுத்து வரையுங்கள், உண்மை வெளியே வரும். 14-ஐ அணைத்தால் பள்ளத்தின் நடுவில் கிடைக்கும் ஆழம் சுமார் 18 டெசிபெல்தான். பக்கமடல்கள் மெல்லத்தான் தேயும். இருபுறமும் நான்கு கூட்டினாலும் சுமார் 20-தான். அலைக்கற்றையைக் கொடுத்து ஆழம் வாங்குவது நஷ்ட வியாபாரம். குறியின் இரு முனையையும் சரிவாக்கும் சாளரம் போடுங்கள். ஆனால் சரிவு குறி நீளத்தில் பத்து சதவீதம் என்றால், அணைந்த ஓரத்திலிருந்து பத்து துணைச்சுமப்பி தள்ளிய பிறகே அதன் பலன் தெரியத் தொடங்கும். உங்கள் குறுகிய பள்ளத்துக்கு, ஓரத்தில் இரண்டிரண்டு சுமப்பியை நிறுத்தி, உள்ளே வரும் கசிவுக்கு எதிர் மதிப்பை அவற்றில் கணக்கிட்டு ஏற்றும் முறை நன்றாக வரும். ஒவ்வொரு குறிக்கும் ஒரு சின்ன அணிப் பெருக்கல்தான் செலவு.

வன்பொருளில் நிரம்புவதற்கு இன்னும் இரண்டு காரணம் இருக்கலாம், எது என்று பிரித்தறிய வழி சொல்கிறோம். அனுப்பியையும் அலைமாலை அளவியையும் 30 டெசிபெல் அட்டென்யுவேட்டர் வழியாகக் கேபிளில் இணைத்துவிட்டு, அனுப்பும் பெருக்கத்தை ஒரு டெசிபெல் குறையுங்கள். பள்ளத்தின் அடி ஒரு டெசிபெல் இறங்கினால் குற்றம் டிஜிட்டல் பக்கம். மூன்றுக்கு அருகில் இறங்கினால் பவர் ஆம்ப்ளிஃபையர் திணறுகிறது. ஓஎஃப்டிஎம்மின் உச்சம் சராசரியைவிட 10–12 டெசிபெல் எகிறும். ஆம்ப்ளிஃபையரின் உச்ச வரம்புக்கு 8–10 கீழே ஓட்டுங்கள், அல்லது முன்திருத்தம் போடுங்கள். இரண்டாவது காரணம் பிம்பம். பள்ளம் நடு அதிர்வெண்ணுக்கு வலப்பக்கம் ஒரு மெகாஹெர்ட்ஸில் இருந்தால், இடப்பக்கம் ஒரு மெகாஹெர்ட்ஸில் இருக்கும் சுமப்பிகளின் நிழல் 30, 35 டெசிபெல் கீழே வந்து அதில் விழும். இடப்பக்கத்து அந்தப் பதினான்கையும் அணைத்துப் பாருங்கள். பள்ளம் சட்டென்று ஆழமானால் ஐ-க்யூ சமநிலையைச் சீர்செய்ய வேண்டும்.

கேள்வி: மைக் செட் வைத்திருக்கிறேன். கல்யாண மண்டபத்தில் கார்ட்லெஸ் மைக் இரண்டு வரை நன்றாகப் போகிறது. நாலு போட்டால் கரகரப்பு, ஒன்றின் குரல் இன்னொன்றில். எல்லாவற்றையும் சம இடைவெளியில்தான் வைத்திருக்கிறேன். – வாசகர், ஆற்காடு

பதில்: சம இடைவெளிதான் வினை. 520, 521, 522 என்று மூன்று வைத்தால், 521-ஐ இரட்டித்து 520-ஐக் கழித்துப் பாருங்கள்: 522. இரண்டு மைக் பக்கத்தில் பக்கத்தில் வந்ததும் மூன்றாவதன் இடத்தில் போலி முளைக்கிறது. எந்த இரண்டு மைக்குக்கும் உள்ள இடைவெளி மற்ற எந்த ஜோடிக்கும் வரக் கூடாது. 520.0, 520.4, 521.6, 522.4 என்று வைத்தால் இடைவெளிகள் 0.4, 0.8, 1.2, 1.6, 2.0, 2.4; ஒன்றுபோல் ஒன்று இல்லை. 520 என்பது கணக்குக்காக. உங்கள் பெட்டி தரும் எண்ணிலிருந்து இதே 0, 0.4, 1.6, 2.4 கணக்கில் தள்ளி வையுங்கள். பழைய 700 மெகாஹெர்ட்ஸ் மைக் என்றால் ஓரம் கட்டிவிடுங்கள், 703–748, 758–803 இரண்டும் இப்போது செல்போனுக்குப் போய்விட்டது.

மண்டபத்துக்குப் போனதும் மைக் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, லைட்டையும் எல்இடி திரையையும் மட்டும் போட்டு ரிசீவரில் ஸ்கேன் ஓட்டுங்கள். திரை எழுப்பும் இரைச்சல் எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும். பிறகு ஒவ்வொரு மைக்காகப் போட்டு, போட்டதை அணைக்காமலே அடுத்ததற்கு மறுபடி ஸ்கேன். ரிசீவரை ஆம்ப்ளிஃபையர் அடுக்குக்குப் பின்னால் ஒளிக்காமல், ஆள் தலைக்கு மேலே, மேடையிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி வையுங்கள். பேசாத மைக்குகளை ஒரே மேசையில் குவித்து வைக்காதீர்கள், அணைத்து வையுங்கள்.